யார் கொடுத்த ஓரை

தம்பியின் மாமனார் எங்கள் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கியதும் நான் முன்னால் போய் "வாங்க மாமா" என்றேன். அவர் பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார், தன் மகளைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே அவரிடம் ஏதோ சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் விளக்கினாள். அவர்கள் பாஷையில் மாமா என்றால் அம்மாவாம். நரைத்த மீசையும் ஆறடி உயரமுமாக வெயிலில் நிற்கிற அந்த மனிதரை "வாங்கம்மா" என்று வரவேற்றிருக்கிறேன்.

குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. அது இன்னும் முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் கிரேக்க நாட்டுக்காரர். அங்கே வடக்கே ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடத்தில் பழைய கிரேக்க மொழிப் பாடம் எடுத்து ரிட்டையர் ஆனவர். அவருடைய ஒரே மகளும் என் தம்பியும் ஜெர்மனியில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். அங்கேயே ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு எங்களுக்கு போட்டோ அனுப்பினார்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபம் பிடித்து வரவேற்பு வைத்தால்தான் சொந்தக்காரர்கள் முகத்தில் முழிக்க முடியும் என்று அம்மா ஒரே பிடிவாதம். சம்பந்தியம்மாவுக்கு மூட்டில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் சம்பந்தி மட்டும் மகள், மருமகனோடு கிளம்பி வந்தார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் சங்கராபுரம் போகிற வழியில் இருக்கிறது. அப்பாவுக்குக் கரும்பு விவசாயம். பேப்பர்கூட படிக்காத மனிதர். கையில் செல்போன் வந்த பிறகு அவருக்கு ஒரு புது நம்பிக்கை வந்தது. வெள்ளைக்காரனிடம் இருக்கிற எதுவும் வெள்ளைக்காரனுடையது இல்லை, எல்லாம் நம்மிடமிருந்து போனது. கணக்கு நம்முடையது, மருந்து நம்முடையது, விமானம்கூட நம்முடையது. தினமும் யாராவது ஒரு வீடியோ அனுப்புவார்கள், அப்பா அதை எனக்கு அனுப்புவார். நான் சங்கராபுரத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. "நீ டீச்சர்தான, இதெல்லாம் புள்ளைங்களுக்கு சொல்லிக்குடுக்கறியா இல்லியா?" என்று போனில் கேட்பார். தம்பி கல்யாண விஷயத்தைச் சொன்ன பிறகு இந்த வேகம் அவருக்கு ஜாஸ்தியானது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சம்பந்தி வந்தால் அவரிடம் கேட்பதற்கென்று அப்பா கேள்விகளை மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தார். மொழிபெயர்க்க வேண்டியது தம்பி. ஆனால் வந்த மறுநாளே தம்பி பெண்டாட்டிக்கு வயிறு கெட்டுப் போயிற்று. அவன் மாடி அறையில் உப்பு சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அம்மா கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். ஆக, இரண்டு பெரியவர்களுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது பாடப் புத்தக இங்கிலீஷ். அவருடைய இங்கிலீஷும் கிட்டத்தட்ட அப்படித்தான். நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அதனாலேயே அவர் பேசுவது எனக்குப் புரிந்தது.

முதல் சண்டைக்கு அப்பா தேர்ந்தெடுத்த இடம் எங்கள் கரும்புத் தோட்டம். காலையில் சம்பந்தியை அழைத்துக்கொண்டு போய், ஒரு கரும்பை ஒடித்துச் சீவித் துண்டு போட்டுக் கையில் கொடுத்தார். அவர் கடித்தார். சாறு மீசையில் வழிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் சப்பினார்.

"ஸாகரி" என்றார்.

அப்பா துள்ளினார். "இன்னா சொன்னாரு? சக்கரைன்னாரா?"

சர்க்கரைக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பெயராம்.

"கேளு பாப்பா. சக்கரை யாருது?"

நான் கேட்டேன். உங்களுடையதுதான் என்றார் அவர். தேனீயே இல்லாமல் தேன் கொடுக்கிற ஒரு நாணல் இந்தியாவில் இருக்கிறதாம் என்று அந்தக் காலத்தில் அவர்கள் ஆட்கள் அதிசயப்பட்டு எழுதியிருக்கிறார்களாம்.

"நம்பரு?"

"உங்களுடையது. அரபுக்காரர்கள் வழியாக வந்தது. எங்களிடம் தனியாக எண்கள் இல்லை, எழுத்துகளையே எண்ணாக வைத்துக்கொண்டிருந்தோம்."

"மொளகு?"

"பிபேரி. உங்களுடையது. திப்பிலி என்று ஒன்று உங்களிடம் இருக்கிறதல்லவா, அந்தப் பெயர்தான் அலைந்து திரிந்து எங்களிடம் அப்படி ஆகிவிட்டது என்கிறார்கள்."

"அரிசி?"

இங்கே அவர் கொஞ்சம் யோசித்தார். அவர்கள் ரீஸி என்பார்களாம். அது தமிழிலிருந்து போனது என்று சிலர் சொல்கிறார்கள், ஈரான் பக்கத்திலிருந்து வந்தது என்று சிலர் சொல்கிறார்கள், தனக்குத் தெரியவில்லை என்றார்.

"ஈரான்காரன் எங்கேர்ந்து நடுவுல வந்தான்?" என்று அப்பா என்னைக் கோபித்துக்கொண்டார், நான்தான் அவனைக் கூட்டிவந்த மாதிரி. பிறகு கடைசி ஆயுதத்தை எடுத்தார். "சரி, அவுங்க எழுத்து?"

"அதுவும் எங்களுடையது இல்லை. எங்களுக்குக் கிழக்கே, கடலோரம் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர்களிடம் வாங்கிக்கொண்டது."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் வரப்பில் நின்றார். மல்லுக்கட்ட வந்தவருக்கு எதிரில் ஆளே இல்லை. சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னா மனுசன் பாப்பா இவரு? எதக் கேட்டாலும் ஆமாங்கறாரு. ஒன்னையாவது எங்களுதுன்னு சொல்றாரான்னு பாரு" என்றார். குரலில் சந்தோஷம் இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது.

மறுநாள் அரை நாள் மட்டும் பள்ளிக்குப் போய்விட்டு வர வேண்டியிருந்தது. இடைவேளையில் இந்தக் கதையைச் சொன்னபோது தமிழ் நன்றாகப் படித்த ஒரு டீச்சர், "சர்க்கரையே வடமொழி வார்த்தைதானே. நம்ம வார்த்தைன்னு உங்கப்பா எப்படிச் சொல்வார்?" என்று கேட்டார். போனில் தேடிப் பார்த்தேன். அரிசி போனது என்று நாலு பேர், போகவில்லை என்று நாலு பேர். எல்லாரும் நிச்சயமாகச் சொன்னார்கள். சம்பந்தி ஒருவர்தான் தெரியவில்லை என்று சொன்னவர். நம்பக்கூடியவர் யார் என்று எனக்குப் புரியவில்லை. போனை அணைத்து வைத்துவிட்டேன்.

அன்று மத்தியானம் ஜோசியர் வந்தார். எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் நேரம் குறித்துக் கொடுப்பவர். ரிஜிஸ்டர் கல்யாணத்துக்குத்தான் நேரம் பார்க்கவில்லை, மாலை மாற்றுகிற நேரத்தையாவது சரியாக வைக்கலாம் என்பது அம்மாவின் ஏற்பாடு. ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, "வெள்ளிக்கெழம மத்தியானம் ஒன்னுலேர்ந்து ரெண்டுக்குள்ள. சுக்ர ஓரை. கேந்திரத்துல சுக்ரன், கேக்கவே வேணாம்" என்றார்.

சம்பந்தி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஓரா?" என்று என்னிடம் கேட்டார்.

ஓரை என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். நாளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு கிரகத்துக்குக் கொடுப்பது, ஒவ்வொரு துண்டும் ஒரு மணி நேரம். அவர் முகம் மலர்ந்தது. தங்கள் பாஷையில் மணிக்கு ஓரா என்றுதான் பெயர், கடிகாரத்தைக் காட்டி 'ஓரா என்ன' என்றுதான் கேட்பார்கள் என்றார். கேந்திரம் என்ற வார்த்தையும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் ஊரில் டவுனுக்குள் போகிற பஸ்ஸில் கெந்த்ரோ என்று எழுதியிருக்குமாம். நடு என்று அர்த்தம்.

நான் சொன்னதும் அப்பாவுக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. "பாத்தியா! ஓரையும் இங்கேர்ந்துதான் போயிருக்குது. சொல்லு அவருகிட்ட."

சொன்னேன். சம்பந்தி முகவாயைக் கொஞ்சம் மேலே தூக்கி, நாக்கைத் தட்டி "த்ச்" என்றார். நம் ஆட்கள் இல்லை என்பதற்குச் செய்வது போலவேதான். அவர் வந்ததிலிருந்து சொன்ன முதல் 'இல்லை' அது. இதற்கு எனக்கு மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை.

பிறகு மிகவும் தயங்கி, வருத்தத்தோடு சொல்கிற மாதிரி சொன்னார். இந்த இரண்டு வார்த்தைகளும் அங்கிருந்து இங்கே வந்தவை என்றுதான் அவர் படித்திருக்கிறாராம். ராசிக் கட்டம், ஓரை, கேந்திரம் இவையெல்லாம் கிரேக்கர்களிடமிருந்து இந்தியாவுக்கு வந்தவை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

அப்பா சிரித்தார். ஜோசியர் பக்கம் திரும்பி, "கேட்டியா கதைய? உன் ஜோசியத்த இவுங்க குடுத்தாங்களாம்" என்றார்.

ஜோசியர் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமினார். "அது... யவனருங்கன்னு எங்க சாஸ்திரத்துலயே வருதுங்க. யவனருங்க இப்படிச் சொல்றாங்க, மத்தவங்க அப்படிச் சொல்றாங்கன்னு எங்க குருநாதரு பாடம் நடத்துவாரு."

"யவனருன்னா?"

"இவருதாங்க" என்று ஜோசியர் சம்பந்தியைக் கையால் காட்டினார்.

"இத்தினி வருசமா என்கிட்ட ஏன்யா சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே."

என்ன பேசுகிறார்கள் என்று சம்பந்தி கேட்டார். சொன்னேன். அவர் பதறிப்போய், இதில் கிரேக்கர்களுக்கும் பெருமை ஒன்றும் இல்லை, நட்சத்திரம் பார்க்கிற விஷயத்தை அவர்களும் பாபிலோன்காரர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள், அந்த ஊர் இப்போது இராக்கில் இருக்கிறது என்றார். சமாதானப்படுத்துவதற்காகத்தான் சொன்னார். ஆனால் அப்பாவின் முகம் இன்னும் குழம்பிப் போயிற்று. பாபிலோன் அவர்களுக்குக் கிழக்கு, நமக்கு மேற்கு. கிழக்கிலிருந்து போனதா, மேற்கிலிருந்து வந்ததா என்று எதை அவரிடம் சொல்வது? நான் "இராக்குப்பா" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

அப்பா ஜோசியரிடம் மெதுவாக, "அந்த ஓரை வேணாம். தமிழ் நேரமா ஒன்னு பாரு" என்றார்.

"தமிழ் நேரம்னா எதுங்க?"

ஜோசியர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "மண்டபத்துல ஒரு மணிக்கு எல போடணும்னு சமையக்காரங்ககிட்ட சொல்லியாச்சு. எவன் குடுத்தா இன்னா, அதே நேரந்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா எழுந்து, மோட்டார் போட வேண்டும் என்று தோட்டத்துக்குக் கிளம்பினார். கரெண்ட் அப்போது இல்லை.

அடுத்த நாள் சம்பந்திக்கு மலையைக் காட்டலாம் என்று அம்மா யோசனை சொன்னாள். வீட்டுக்குள்ளேயே இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. தம்பி பெண்டாட்டிக்கு வயிறு தேவலை, ஆனால் வளைவுப் பாதையில் போகிற தெம்பு இல்லை. தம்பி அவளோடு இருந்துவிட்டான். வாடகைக் காரில் அப்பா முன்னால், நானும் சம்பந்தியும் பின்னால்.

கச்சிராயபாளையம் தாண்டி அணையைப் பார்த்துவிட்டு மலை ஏறினோம். அப்பா முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். சம்பந்திதான் ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். அது என்ன பயிர்? சாமை. இது? மரவள்ளி. மரவள்ளி எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று நீட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில், அது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கிழங்கு என்று நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. மிளகாயும் அப்படித்தான். முன் சீட்டில் அப்பாவின் பின்கழுத்தைப் பார்த்தேன். அதை இப்போது சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பேச்சை மாற்றினேன்.

கரியாலூருக்குப் பக்கத்து அருவியில் அன்று கூட்டம் கம்மி. தண்ணீரும் மிதமாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு பாறையில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டார்கள். நான் நடுவில் நின்றேன். அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கேளு பாப்பா. சக்கரைய எடுத்துக்கினு போனாங்க, நம்பர எடுத்துக்கினு போனாங்க. போட்டும். ஓரைய குடுத்தாங்க, சரி, அதுவும் இருக்கட்டும். எம் புள்ளைய இன்னாத்துக்கு எடுத்துக்கினு போனாங்கன்னு கேளு."

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் அதுவரை எடுத்ததில்லை. தம்பி ஜெர்மனிக்குப் போனபோது ஊரெல்லாம் இனிப்பு கொடுத்தவர் அப்பா. கல்யாண போட்டோ வந்தபோதும் "நல்லாருக்கட்டும்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். அவர் மனசில் இப்படி ஒரு கேள்வி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

"அருவி பிடித்திருக்கிறதா என்று கேட்கிறார்" என்றேன் சம்பந்தியிடம்.

அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது அருவியைப் பற்றிய கேள்வி இல்லை. அவர் சொன்னதைச் சொல்லு" என்றார்.

சொன்னேன். ஒரு வார்த்தைகூட விடாமல் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. யார் பக்கம் நின்று சொல்கிறேன் என்றும் தெரியவில்லை. அது அப்பாவின் கேள்வி மட்டும்தானா, என்னுடையதும் அதுவேதானா என்றும் எனக்குப் பிடிபடவில்லை.

சம்பந்தி தண்ணீரில் காலை அசைத்துக்கொண்டே இருந்தார். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தனக்கு ஒரே பிள்ளை. அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் சேரப் பிள்ளைகள் இல்லாமல் அதை மூடிவிட்டார்கள். ஊரில் இருந்த இளசுகள் எல்லாம் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். மகளை யார் எடுத்துக்கொண்டு போனது என்று அவரும் யோசித்துப் பார்த்திருக்கிறாராம். முதலில் ஜெர்மனி என்று நினைத்தார். பிறகு உங்கள் பையன் என்று நினைத்தார். ஒரு இந்தியன், கிழக்கிலிருந்து வந்து என் பெண்ணைக் கொண்டுபோய்விட்டான் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை, அவளேதான் போனாள் என்று மனைவி சொன்னாராம்.

நான் அப்பாவிடம் தமிழில் சொல்லச் சொல்ல அவர் தலையை நிமிர்த்தினார். "நம்ம பையன் எடுத்துக்கினு போனான்னா சொன்னாரு?"

"ஆமாம்பா. அப்படி நெனச்சாராம்."

"நம்ம பையனா?" அப்பாவால் அதை நம்ப முடியவில்லை. கோபப்படுவதா, பெருமைப்படுவதா என்று தெரியாத மாதிரி முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

சம்பந்தி இன்னும் முடிக்கவில்லை. வந்ததிலிருந்து நீங்கள் என்னை மேற்கத்தியானாகவே வைத்துப் பேசுகிறீர்கள், எனக்கு அது புதுசாக இருக்கிறது என்றார். அவருடைய அப்பாவின் குடும்பம் கடலுக்குக் கிழக்கே, இப்போது துருக்கி இருக்கிற பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து விரட்டப்பட்டுக் கப்பலில் வந்து இறங்கினார்கள். வந்து சேர்ந்த ஊரில் அவர்களைக் கிழக்கத்தியான் என்றுதான் கூப்பிட்டார்களாம். சமையலில் சீரகம் ஜாஸ்தி என்று பள்ளிக்கூடத்தில் தன்னைக்கூடக் கேலி செய்வார்களாம். ஜெர்மனியில் அவர் மகள் வீடு தேடியபோது வீட்டுக்காரர் அவளையும் அதே மாதிரி ஏற இறங்கப் பார்த்தாராம். "நான் மேற்கு என்று உங்களைத் தவிர வேறு யாரும் என்னிடம் சொன்னதில்லை" என்று சொல்லிச் சிரித்தார்.

"அப்ப இவரு கெழக்கா, மேக்கா?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

நான் அதையும் கேட்டேன். சம்பந்தி இரண்டு தோளையும் தூக்கிக் காட்டினார்.

அப்பா எழுந்து, தன் துண்டை எடுத்து அவரிடம் கொடுத்தார். அவர் கால்களைத் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். அதே துண்டில் அப்பாவும் துடைத்துக்கொண்டார்.

இறங்குகிற வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "யாருங்க இவரு? வெளிநாடா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "எங்க சம்மந்தி" என்றார்.

அந்த வார்த்தையைச் சம்பந்தி வந்ததிலிருந்து பல தடவை கேட்டிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போதுதான் கேட்டார். எனக்கு இங்கிலீஷில் வார்த்தை கிடைக்கவில்லை. பிள்ளையைக் கட்டிக்கொண்டவளுடைய அப்பா என்று சுற்றி வளைத்துச் சொன்னேன்.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "சிம்பெதெரோஸ்!" என்றார். அவர்கள் பாஷையில் அந்த உறவுக்கு அப்படி ஒரு வார்த்தை இருக்கிறதாம்.

"சம்மந்தி, சிம்பெந்தி" என்று அப்பா சொல்லிப் பார்த்தார். டீக்கடைக்காரரும் சொல்லிப் பார்த்தார். அப்பாவின் கண்ணில் பழைய வெளிச்சம். ஆனால் இந்தத் தடவை ஜாக்கிரதையாகக் கேட்டார். "இது யாரு யாருக்குக் குடுத்ததுன்னு கேளு."

யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன் என்றார் சம்பந்தி. உங்கள் வார்த்தையில் 'பந்தம்' இருக்கிறது, கட்டுவது. எங்கள் வார்த்தைக்கு உள்ளேயும் கட்டுகிற ஒரு பழைய வேர் இருக்கிறது. இரண்டும் பிரிவதற்கு முன்னால் எங்கேயோ ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

"முன்னாடின்னா எங்க? யாரு ஊட்டுல?"

"தெரியாது" என்றார் சம்பந்தி.

சம்பந்தம் என்பதும் வடமொழி வார்த்தைதான், பள்ளிக்கூடத்து டீச்சர் கேட்டால் அதையும் நம்முடையது இல்லை என்பார் என்று எனக்குத் தோன்றியது. அப்படியென்றால் கிரேக்கர்களோடு ஒன்றாக இருந்தது யார், நாங்கள் அந்தக் கணக்கில் எங்கே வருகிறோம்? என்னால் மேலே போக முடியவில்லை. டீ ஆறிப்போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் ஒரு மணிக்கு மேல் மாலை மாற்றினார்கள். தம்பி பெண்டாட்டி அம்மாவின் அரக்குப் பட்டுப்புடவையில் கொஞ்சம் வெளிறி இருந்தாள், ஆனால் நன்றாகச் சிரித்தாள். சம்பந்தி வேட்டியை பெல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு, போட்டோக்காரர் சொன்ன இடத்திலெல்லாம் நின்றார். அப்பா ஒவ்வொரு சொந்தக்காரராக அழைத்துவந்து அவருக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் என் சித்தப்பா என்னைத் தனியாக இழுத்தார். "உங்கப்பாவுக்கு இன்னா ஆச்சு? சம்மந்தி ஊட்டு ஓரைலதான் வெச்சிருக்கறோம்ங்கறாரு. சக்கரை நம்மளுது, எழுத்து நம்மளுதும் இல்ல அவுங்களுதும் இல்லங்கறாரு. இராக்குக்காரன் ஒருத்தன் நடுவுல இருக்கறாங்கறாரு. ஒன்னும் புரியலியே."

"எனக்கும் புரியல சித்தப்பா. பாயசம் சாப்புடுங்க" என்றேன்.

ஊருக்குப் போகிற அன்று சம்பந்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். மகள் அதை மொழிபெயர்க்கவில்லை, அழுதுகொண்டிருந்தாள். அப்பா கரும்பு ஒரு கட்டு கட்டி வைத்திருந்தார். விமானத்தில் விடமாட்டார்கள் என்று தம்பி சொன்னான். அப்பா கேட்கவில்லை. கடைசியில் சென்னை வரைக்கும் காரில் போகட்டும், வழியில் கடித்துக்கொண்டு போகட்டும் என்று சமாதானம் ஆனார்கள். கார் திரும்பும்போது சம்பந்தி கண்ணாடியை இறக்கி "சம்மந்தி!" என்று கத்தினார். அப்பா பதிலுக்கு அந்தக் கிரேக்க வார்த்தையைச் சொல்லப் பார்த்தார். அது வாயில் பாதியிலேயே உடைந்துவிட்டது.

அதற்கப்புறம் அப்பா எனக்கு வீடியோ அனுப்புவது நின்றுபோயிற்று. அவர் மனசு மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். யாராவது பேச்செடுத்தால் எல்லாம் நம்முடையதுதான் என்று ஆரம்பிப்பார், நடுவில் ஓரை ஞாபகம் வந்துவிடும், "சரி, அத வுடு" என்று விட்டுவிடுவார். சம்பந்தி ஒரு டின் ஆலிவ் எண்ணெய் அனுப்பினார். அம்மா அதில் வடை சுட்டுப் பார்த்து, வாசனை பிடிக்காமல் எடுத்து வைத்திருக்கிறாள்.

போன மாதம் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார். இப்போது வந்துவிட்டது. கரும்பு வெட்டு முடிந்ததும் சம்பந்தி ஊருக்குப் போக வேண்டுமாம், நானும் கூட வர வேண்டுமாம். எதற்குப் போகிறார், சண்டை போடவா, பார்க்கவா என்று கேட்டேன். அவர் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல பாப்பா. போய்த்தான் பாக்கணும். அங்கல்லாம் வேட்டி கட்டிக்கினு போனா இன்னா நெனைப்பாங்க?"

எனக்குத் தெரியவில்லை. தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.